பெண்ணை நிறுத்தினால் பெண்கள் வாக்கு வருமா? அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் கணக்கு

அமெரிக்க அதிபர் தேர்தலின் வாக்குச்சீட்டில் ஒரு கட்டத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று அதிபர் வேட்பாளர், மற்றது துணை அதிபர் வேட்பாளர். இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்று பிரித்துக் குத்த வழியில்லை. கட்டத்தை நிரப்பினால் இருவருக்கும் சேர்த்தே வாக்கு விழும். இரண்டாவது பெயருக்குரியவரை ‘ரன்னிங் மேட்’ என்பார்கள். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல் அது. ஒரே லாயத்தில் முக்கியமான குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இன்னொரு குதிரையையும் ஓடவிடுவார்கள். கோப்பை முதல் குதிரைக்குத்தான்.

இந்த இரண்டாம் இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அதிபர் வேட்பாளர். கட்சி மாநாடு அதை ஏற்றுக்கொள்ளும். தனக்கு இல்லாததைக் கொண்டுவருபவரைத் தேடுவதே பழைய வழக்கம். 1960இல் மாசசூசெட்ஸ்காரரான கென்னடி, டெக்சாஸ்காரரான ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். 2008இல் இளையவரான ஒபாமா, செனட்டில் பழம் தின்று கொட்டை போட்ட பைடனை எடுத்தார். ஊர், வயது, அனுபவம், மதம் என்று போட்ட இந்தக் கணக்கில் 1980களில் புதிதாக ஒன்று சேர்ந்தது: பெண் வாக்கு.

இரு பெரிய கட்சிகளும் இதுவரை மூன்று பெண்களைத்தான் இந்த இடத்தில் நிறுத்தியிருக்கின்றன. 1984இல் ஜனநாயகக் கட்சியின் ஜெரால்டின் ஃபெராரோ, 2008இல் குடியரசுக் கட்சியின் சாரா பேலின், 2020இல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ். (இவர்களுக்கெல்லாம் முன்பே, 1972இல், லிபர்டேரியன் கட்சி என்ற சிறு கட்சியின் டோனி நேதனுக்கு ஒரு தேர்வர் வாக்கு கிடைத்தது. தேர்வர்கள் என்பவர்கள் மாகாணவாரியாக வென்ற கட்சியின் சார்பில் அதிபரையும் துணை அதிபரையும் முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள். வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சித் தேர்வர் ஒருவர் சொந்தக் கட்சியை விட்டுவிட்டு அவருக்குப் போட்ட வாக்கு அது. தேர்வர் வாக்கு பெற்ற முதல் பெண் அவர்தான்.)

முதலில் ‘பாலின இடைவெளி’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி விவாதங்களிலேயே இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். வென்றவருக்குப் பெண்களில் எத்தனை சதவீதம் வாக்களித்தார்கள், ஆண்களில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருவது பாலின இடைவெளி. 1980இல் வென்ற குடியரசுக் கட்சியின் ரேகனுக்கு ஆண்களில் 54 சதவீதமும் பெண்களில் 46 சதவீதமும் கிடைத்தன. இடைவெளி 8 புள்ளி. பெண்களில் பெரும்பான்மை யாருக்கு என்பது இதிலிருந்து வேறான கேள்வி. இடைவெளி பெரிதாக இருக்கும்போதே பெண்களின் பெரும்பான்மையும் வென்றவரிடம் இருக்கலாம். ஆண்களின் பெரும்பான்மை எதிராளியிடம் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும்.

1980இன் அந்த 8 புள்ளிதான் ஜனநாயகக் கட்சியில் பலருக்கு ஆசையைக் கிளப்பியது. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்றது 1920இல். 1964 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் வாக்களித்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிட அதிகம். 1980 முதல் சதவீதக் கணக்கிலும் பெண்களே முன்னால் இருக்கிறார்கள். ஆண்களைவிட அதிகமாக வரும் கூட்டம், அதுவும் ரேகனிடம் அவ்வளவாக ஒட்டாத கூட்டம். ஒரு பெண்ணை மேடையேற்றினால் அப்படியே நம் பக்கம் வந்துவிடாதா என்று தோன்றியது இயல்புதான்.

1984: கணக்கு எங்கே பிசகியது?

ரேகனை எதிர்த்து நின்றவர் வால்டர் மாண்டேல். பெண் ஒருவரை நிறுத்தச் சொல்லித் தேசியப் பெண்கள் அமைப்பு வெளிப்படையாகவே நெருக்கியது. இல்லாவிட்டால் மாநாட்டிலேயே போட்டி வைப்போம் என்றது. மாண்டேல் மின்னசோட்டாவிலுள்ள தன் வீட்டுக்கு ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். சான்ஃபிரான்சிஸ்கோ மேயர் டயான் ஃபைன்ஸ்டைன், கென்டக்கி ஆளுநர் மார்த்தா லெய்ன் காலின்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின மேயர் டாம் பிராட்லி எல்லோரும் வந்து போனார்கள். கேமராக்கள் வாசலிலேயே நின்றன. அடையாள அணிவகுப்பு என்று எதிர்க்கட்சி கேலி செய்ய அதுவே போதுமானதாக இருந்தது.

ஜூலை 12 அன்று ஃபெராரோவின் பெயர் அறிவிக்கப்பட்டது. நியூயார்க்கின் குவீன்ஸ் தொகுதியிலிருந்து மூன்று முறை வென்ற காங்கிரஸ் உறுப்பினர், முன்பு ஆசிரியை, பிறகு அரசு வழக்கறிஞர். இத்தாலிய வம்சாவளி, கத்தோலிக்கர். மாண்டேல் பெண் வாக்கோடு நிற்கவில்லை. ரேகன் பக்கம் சாய்ந்துவிட்ட நகர்ப்புறக் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்களையும் திருப்பிக் கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

மாநாடு முடிந்த சூட்டில் கருத்துக்கணிப்புகள் ஏறின. பிறகு இரண்டு இடங்களில் அடி விழுந்தது. ஒன்று கணவரின் ரியல் எஸ்டேட் தொழில். அவரது வரிக்கணக்கை வெளியிடுவதாகச் சொன்ன ஃபெராரோ, ஆகஸ்ட்டில் கணவர் சம்மதிக்கவில்லை என்றார். இத்தாலிய ஆண்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும் என்று வேடிக்கையாகவும் ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த ஒரு வார்த்தை பற்றிக்கொண்டது. கடைசியில் ஆகஸ்ட் 21 அன்று கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னார். பழைய ஆண்டு ஒன்றுக்கு 53,000 டாலருக்கு மேல் வரியும் வட்டியும் கட்டவேண்டி வந்தது. அந்தச் சந்திப்பில் அவர் நிதானமாக நின்று சமாளித்ததைப் பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் பிரசாரத்தின் விலை மதிப்பில்லாத வாரங்கள் போனது போனதுதான். மற்றொன்று கருக்கலைப்பு. அந்த உரிமையை ஆதரித்த அவரது நிலைப்பாட்டை நியூயார்க் பேராயர் ஜான் ஓ’கானர் வெளிப்படையாகக் கண்டித்தார். கத்தோலிக்க வாக்குக்காகப் போட்ட சீட்டே திரும்பிக் குத்தியது.

அவரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஒரு காட்சி போதும். மிசிசிப்பியில் ஒரு கூட்டத்தில், மாகாண விவசாயத்துறைத் தலைவரான பெரியவர் ஒருவர், “உனக்கு புளூபெர்ரி மஃபின் சுடத் தெரியுமா?” என்று கேட்டார். ஃபெராரோ, “நன்றாகத் தெரியும். உங்களுக்கு?” என்று திருப்பிக் கேட்டார். எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பதில்லை என்றார் பெரியவர். அவர் ஃபெராரோவின் சொந்தக் கட்சிக்காரர். அக்டோபர் 11 விவாதத்தில் துணை அதிபர் புஷ், வெளியுறவு விஷயத்தில் ‘வித்தியாசத்தை உங்களுக்கு விளக்குகிறேன்’ என்ற தொனியில் பேச, எனக்குப் பாடம் எடுக்கும் இந்தத் தோரணை பிடிக்கவில்லை என்று ஃபெராரோ அங்கேயே சொன்னார்.

முடிவு: ரேகனுக்கு 525 தேர்வர் வாக்குகள், மாண்டேலுக்கு 13. சொந்த மாகாணமான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே கிடைத்தன. ஃபெராரோவின் நியூயார்க்கும் ரேகனுக்கே போனது. பெண்களில் 56 சதவீதம் ரேகனுக்கு, ஆண்களில் 62.

இந்த எண்களை 1980 எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேகனுக்கு ஆண்களிடம் 8 புள்ளி ஏறியது, பெண்களிடம் 10 புள்ளி ஏறியது. எதிரணியில் ஒரு பெண் நின்ற தேர்தலில், பெண்கள்தான் அவர் பக்கம் கூடுதலாக நகர்ந்திருக்கிறார்கள்! (1980இல் மூன்றாவது வேட்பாளர் ஒருவர் 6 சதவீதத்துக்கு மேல் வாக்கு பிரித்திருந்தார் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.) ஃபெராரோ இதற்குக் காரணம் இல்லை. 1982 கடைசியில் 10.8 சதவீதமாக இருந்த வேலையின்மை, 1984 இலையுதிர் காலத்தில் 7.5க்குக் கீழே வந்திருந்தது. விலைவாசி அடங்கியிருந்தது. போதாக்குறைக்கு மாண்டேல் மாநாட்டு மேடையிலேயே வரியை உயர்த்துவேன் என்று சொல்லியிருந்தார். சம்பளமும் மளிகைச் செலவும் பெண்களுக்கும் கண்ணில் படும்தானே.

சலிக்கும் வேலை

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம், பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். முதலில் பத்து முதல் இருபது பெயர்கள் கொண்ட பட்டியல். வெளியில் கிடைக்கும் ஆவணங்களை மட்டும் வைத்து வழக்கறிஞர் குழு ஒன்று அவற்றை அலசும், அந்தப் பெயர்காரர்களுக்கே தெரியாமல்கூட. அதில் தேறும் ஐந்தாறு பேருக்கு நீண்ட கேள்வித்தாள் போகும். பல ஆண்டு வரிக்கணக்கு, மருத்துவக் குறிப்புகள், வழக்குகள், கடன், துணைவரின் தொழில், பிள்ளைகள், பழைய பேச்சுகள், வீட்டு வேலைக்கு வைத்தவர்களுக்கு ஒழுங்காக வரி கட்டினீர்களா என்பதுவரை அதில் இருக்கும். கடைசிக் கேள்வி சும்மா வந்ததில்லை. 1993இல் கிளின்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழிந்த ஸோயி பேர்ட், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள் விஷயத்தில் பெயரைத் திரும்பப் பெற நேர்ந்தது. பிறகு வழக்கறிஞர்களின் நேர்காணல், கடைசியில் அதிபர் வேட்பாளரோடு தனிச் சந்திப்பு.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972இல் பாடம் கிடைத்தது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் தேர்ந்தெடுத்த செனட்டர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு மின்அதிர்வுச் சிகிச்சை எடுத்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. 18 நாளில் வேட்பாளர் மாறினார். ஃபெராரோவைச் சலித்த குழு கணவரின் கணக்கை இன்னும் கொஞ்சம் கிளறியிருந்தால் அந்த ஆகஸ்ட் வேறு மாதிரி இருந்திருக்கும்.

2008: வேறு கட்சிப் பெண்களுக்கு வீசிய வலை

2008 ஆகஸ்ட் 28 இரவு டென்வரில் ஒபாமா மாநாட்டு உரை நிகழ்த்தினார். மறுநாள் காலை ஓஹையோவின் டேட்டனில் ஜான் மெக்கெய்ன் தன் 72ஆவது பிறந்தநாளன்று சாரா பேலினை மேடைக்கு அழைத்தார். செய்தி முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. நாள் குறித்ததில் குறையே சொல்ல முடியாது. அலாஸ்காவின் ஆளுநராக இரண்டு ஆண்டுகூட முடியாதவர் பேலின். முதல் உரையிலேயே ஃபெராரோவையும் ஹிலரி கிளின்டனையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். ஒபாமாவிடம் தோற்ற ஹிலரிக்குக் கட்சிக்குள் சுமார் 1 கோடியே 80 லட்சம் வாக்குகள் விழுந்திருந்தன. ஆத்திரத்தில் இருந்த அவரது ஆதரவாளர்களுக்கு வீசிய வலை என்பது யாருக்கும் புரியும்.

அந்தப் பெண்கள் ஹிலரியை விரும்பியது அவர் பெண் என்பதால் மட்டுமில்லை. கருக்கலைப்பு உரிமை, மருத்துவக் காப்பீடு, சம ஊதியம் ஆகியவற்றில் அவர் எடுத்த நிலைப்பாட்டுக்காகவும்தான். கருக்கலைப்பில் பேலின் அதற்கு நேர் எதிர். கிறித்தவப் பழமைவாதிகள்தான் அவரைக் கொண்டாடினார்கள், கூட்டங்களுக்குத் திரண்டு வந்தார்கள். மெக்கெய்னிடம் அதுவரை ஒட்டாமல் இருந்தவர்கள் அவர்கள். வலை ஒரு பக்கம் வீசப்பட்டது, மீன் இன்னொரு பக்கம் விழுந்தது. அதுவும் லாபம்தான், ஆனால் ஏற்கெனவே அந்தக் கட்சிக்குப் போட்டுவந்தவர்களின் வாக்கு.

பின்னணி ஆய்வு சில நாட்களில் முடிக்கப்பட்டது. மெக்கெய்ன் அவரோடு நேரில் உட்கார்ந்து இது பற்றிப் பேசியது அறிவிப்புக்கு முந்தைய நாள்தான். செப்டம்பர் 3 மாநாட்டு உரை அபாரமாக அமைந்தது. சில கணிப்புகளில் மெக்கெய்ன் முந்தவும் செய்தார். அந்த மாதக் கடைசியில் தொலைக்காட்சியில் கேட்டி கூரிக், எந்தெந்தப் பத்திரிகைகள் படிப்பீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். ஒரு பெயர்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் என்று பேலின் மழுப்பியது அந்தப் பேட்டியின் அடையாளமாகவே நின்றுவிட்டது. நடுவே செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்து பொருளாதாரம் ஆட்டம் கண்டது.

தேர்தலன்று வாக்களித்து வெளியே வந்தவர்களில் பத்தில் ஆறு பேர், பேலினுக்கு அதிபராகும் தகுதி இல்லை என்றார்கள். பெண்களில் 56 சதவீதம் ஒபாமாவுக்கு, 43 சதவீதம் மெக்கெய்னுக்கு. வெள்ளையினப் பெண்களை மட்டும் எடுத்தால் மெக்கெய்னுக்கு 53 சதவீதம். ஏதோ பலித்தது போலத் தெரியும். ஆனால் 2004இல் பெண் யாரும் பட்டியலில் இல்லாமலே மகன் புஷ்ஷுக்கு (ஜார்ஜ் டபிள்யூ. புஷ்) வெள்ளையினப் பெண்களிடம் 55 சதவீதம் கிடைத்திருந்தது.

2020: முதலில் வாக்குறுதி, பிறகு ஆள்

ஜோ பைடன் வேறு வழியில் போனார். மார்ச் 15 அன்று, கட்சிக்குள் போட்டியாளரான பெர்னி சாண்டர்ஸுடன் நடந்த விவாதத்தில், பெண் ஒருவரைத்தான் துணை அதிபர் வேட்பாளராக எடுப்பேன் என்று உறுதி கொடுத்துவிட்டார். இதில் ஒரு வசதி: சலிக்க ஐந்து மாதம் கிடைத்தது. ஒரு சிக்கல்: யாரை எடுத்தாலும் ‘பெண் என்பதால் எடுத்தார்’ என்று சொல்ல இடம் கொடுத்தாயிற்று. மே 25 அன்று மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு கணக்கு இன்னும் இறுகியது. அந்த ஊரில் முன்பு அரசு வழக்கறிஞராக இருந்த செனட்டர் ஏமி குளோபுச்சார், வெள்ளையரல்லாத பெண் ஒருவரை எடுங்கள் என்று சொல்லி ஒதுங்கினார்.

ஆகஸ்ட் 11 அன்று கமலா ஹாரிஸ். கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாகவும் செனட்டராகவும் இருந்தவர், அதிபர் பதவிக்கே போட்டியிட்டுப் பத்திரிகைகளிடம் ஏற்கெனவே அடிபட்டவர். அதனால் புதிதாகத் தோண்டி எடுக்க அதிகம் இல்லை. நமக்கு இங்கே நேரடித் தொடர்பும் உண்டு. அவருடைய தாய் சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து போனவர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்ற சொல்லை எடுத்ததும் நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழிந்தன. தேர்தல் கணக்கில் அதைவிடப் பெரிய விஷயம், அறிவித்த 24 மணி நேரத்தில் பைடன் தரப்புக்கு வந்த 2 கோடியே 60 லட்சம் டாலர் நன்கொடை. கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களை, குறிப்பாகக் கறுப்பினப் பெண்களை, உற்சாகப்படுத்தியது இந்தத் தேர்வு. நேரடியாக அளக்கக்கூடிய பலன் பெரும்பாலும் இப்படிப் பணமாகவும் ஆள்பலமாகவும்தான் வருகிறது.

வாக்கில்? பைடனுக்குப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 45. 2016இல் ஹிலரி வாங்கியது பெண்களில் 54, ஆண்களில் 41. பெண்களிடம் 3 புள்ளி ஏறியபோது ஆண்களிடம் 4 ஏறியிருக்கிறது. 2016இல் மூன்றாம் கட்சிகளுக்குப் போன வாக்குகள் திரும்பி வந்ததும் இதில் சேரும். ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், இவ்வகைக் கணிப்புகளில் அந்த அளவு பிழை சகஜம். ஆனால் பெண்கள் பக்கம் மட்டும் தனியாக ஒரு தாவல் நடந்ததற்குத் தடயம் இல்லை.

இப்போது இடைவெளி எண்களை வரிசையாகப் பார்க்கலாம். பெண் ஒருவர் துணை வேட்பாளராக நின்ற 1984இல் 6 புள்ளி, 2008இல் 7, 2020இல் 12. இரு பெரிய கட்சிகளிலும் பெண்ணே இல்லாத 1996இல் 11, 2000இல் 10, 2012இல் 10. பாலின இடைவெளி இருப்பது உண்மை, வளர்ந்திருப்பதும் உண்மை. ஆனால் மேடையில் பெண் இருப்பதற்கும் அது கூடிக் குறைவதற்கும் பொருத்தம் இல்லை. சமூக நலத் திட்டங்கள், துப்பாக்கிக் கட்டுப்பாடு, போர், அரசின் பங்கு பற்றி ஆண்களும் பெண்களும் சராசரியாக வேறுபட்டு நினைப்பதே அதை ஓட்டுகிறது. அந்தச் சராசரிக்குள் பிளவுகள் இன்னும் ஆழம். 2020இல் கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பைடனுக்கு. வெள்ளையினப் பெண்களில் பாதிக்கு மேல் டிரம்ப்புக்கு. ‘பெண்கள் வாக்கு’ என்று ஒருமையில் எழுதுவதே சறுக்கல்.

அப்படியானால் துணை வேட்பாளரால் ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும், சுற்றுவழியில். இதை ஆராய்ந்தவர்கள் பலரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: துணை வேட்பாளருக்காக வாக்கு மாறுவோர் மிகச் சிலர், அந்தத் தேர்வைப் பார்த்து அதிபர் வேட்பாளரின் விவேகத்தை எடை போடுவோர் அவர்களைவிட அதிகம். மெக்கெய்னின் பெரிய ஆயுதமே அனுபவம். பேலினைத் தேர்ந்தெடுத்ததும் அந்த ஆயுதத்தை அவரே கீழே வைத்துவிட்டார்.

இன்னொரு முறை ஒரு கட்சி பெண் ஒருவரை இந்த இடத்தில் நிறுத்தும்போது, செய்தித் தலைப்பைத் தாண்டிச் சிலவற்றைப் பார்த்தால் போதும். பின்னணி ஆய்வுக்கு எத்தனை வாரம் கிடைத்தது? அவர் குறிவைக்கும் பெண்களின் கொள்கையும் அவருடையதும் ஒத்துப்போகின்றனவா? தேசியச் சராசரியை விடுங்கள், பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற இழுபறி மாகாணங்களில் என்ன நகர்கிறது? மொத்தம் 538 தேர்வர் வாக்குகளில் 270 வேண்டும். மேய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா இடத்திலும் வென்றவருக்கே மொத்தமும் என்பதால் கலிஃபோர்னியாவில் கூடுதலாக விழும் பெண் வாக்குகளால் எதுவும் மாறாது. அறிவித்த முதல் இரண்டு வாரக் கணிப்புகளை நம்பவே வேண்டாம். 1984இலும் 2008இலும் அவை ஏறித்தான் இறங்கின.

ஒரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் குடியரசுக் கட்சிக்குள் நடந்த போட்டியிலேயே தோற்றுக்கொண்டிருந்த டெட் குரூஸ், ஏப்ரல் 27 அன்று கார்லி ஃபியோரினா என்ற பெண்ணைத் தன் துணை வேட்பாளர் என்று அறிவித்தார். மே 3 அன்று இண்டியானாவில் தோற்று வீட்டுக்குப் போனார். ஆறு நாள் துணை வேட்பாளர்.

2024இல் இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பார்த்தார்கள். அதிபர் வேட்பாளராக நின்ற ஹாரிஸ், ஆகஸ்ட் 6 அன்று மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைத் துணைக்கு எடுத்தார். பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர், தேசியக் காவல்படையில் 24 ஆண்டு இருந்தவர், வேட்டைக்குப் போகிறவர்: கிராமத்து வெள்ளையின ஆண்களுக்காகச் செய்துவைத்தது போன்ற ஆள். அந்தத் தேர்தலில் ஆண்களில் 55 சதவீதம் டிரம்ப்புக்குப் போனது, நான்கு ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட 2 புள்ளி அதிகம். பெண்களில் ஹாரிஸ் வாங்கியது 53 சதவீதம், பைடன் வாங்கியதைவிட 4 புள்ளி குறைவு.